லாரியின் இடது கொம்பு

நாக்பூரில் ஒரு பழைய வீட்டின் முன்னறைச் சுவரில் அந்தப் புகைப்படம் தொங்குகிறது. 1962ஆம் ஆண்டு தசரா காலையில் எடுத்தது. கழுவித் துடைத்த செவர்லே லாரி ஒன்று வாசலில் நிற்கிறது. பக்கத்தில் வெள்ளைத் தொப்பி அணிந்த மெலிந்த மனிதர். லாரியின் பம்பரில் செங்குத்தாக இரண்டு கொம்புகள் பளபளக்கின்றன. ஒரு கொம்பிலிருந்து இன்னொரு கொம்புக்குச் சாமந்தி மாலை. அதன் நடுப்பகுதி அளவாகத் தொய்ந்து, நம்பர் பிளேட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

படத்தில் இருக்கும் மனிதர் 1994இல் இறந்துபோனார். லாரி இன்னும் இருக்கிறது. கொல்லையில் வேப்ப மரத்தடியில், 1986இல் கடைசியாக நிறுத்திய அதே இடத்தில். ஆனால் படத்தில் இருக்கும் இரண்டு கொம்புகளில் வலது கொம்பு மட்டுமே மிச்சம். இடது பக்கம் பம்பரில் ஒரு வெறும் துளை. ஒவ்வொரு தசராவுக்கும் ஆயி (அந்த வீட்டில் அம்மாவை அப்படித்தான் அழைக்கிறார்கள்) மாலையின் ஒரு நுனியை வலது கொம்பில் கட்டுவார். மறு நுனியை எங்கே கட்டுவது என்று கையால் தடவித் தேடுவார். கடைசியில் ஹெட்லைட் தண்டில் கட்டிவிடுவார். மாலை கோணலாகத் தொங்கும். தொண்ணூறை நெருங்கும் அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் மாலை கோணல் என்பது கைக்குத் தெரியும். "இந்த வருஷமும் சரியில்லை" என்பார்.

மூத்த மகனுக்கு இந்த லாரி வேண்டாம். மழைநீர் தேங்குகிறது, பாம்பு அடைகிறது, கொல்லைச் சுவரை எடுத்துக் கட்ட முடியவில்லை என்று காரணங்களை அடுக்குவார். 2021இல் பழைய வாகன அழிப்புக் கொள்கை வந்த பிறகு அவர் வாதம் வலுத்தது. பதிவு பெற்ற மையத்தில் கொடுத்தால் எடைக்குப் பணமும் கையில் ஒரு சான்றிதழும் கிடைக்கும். அதே ஆண்டு ஜூலையில் 50 வயது கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய மத்திய அரசு விதி வகுத்ததை இளையவர் எடுத்துக்காட்டினார். அது சொந்த உபயோக வண்டிகளுக்கான விதி. சரக்கு ஏற்றிப் பிழைத்த லாரிக்கு அதில் இடமில்லை. அண்ணன் சிரித்தார். "அடுத்த தசரா வரை டைம். அதற்குள் அதை ஆயிக்குப் பிடித்த மாதிரி நிறுத்திக் காட்டு. இல்லாவிட்டால் எடைக்குப் போகட்டும்" என்றார்.

இளையவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்ஜினை ஓட வைப்பது அவர் நோக்கமல்ல. அதற்குப் பணமும் இல்லை. துருவைச் சுரண்டி, டயரை மாற்றி, பம்பரைப் படத்தில் உள்ளபடி அமைத்துவிட வேண்டும். ஒரு கொம்புதானே, ஒரு மாத வேலை என்று நினைத்தார். பத்து மாதம் ஆயிற்று.

முதல் கேள்வி, இது எந்த வருஷத்து லாரி? பதிவுப் புத்தகம் 1952 என்கிறது. பதிவான ஆண்டும் பிறந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் புத்தகங்கள் கதவுக் கைப்பிடியைப் பார், பக்கவாட்டுச் சிறு கண்ணாடியைப் பார் என்று வழி சொல்கின்றன. இந்த லாரிக்கு அது உதவவில்லை. நம் நாட்டில் பல லாரிகள் முகமும் சட்டமுமாகவே விற்பனைக்கு வந்தன. கேபினையும் பின்பெட்டியையும் உள்ளூர்த் தச்சர்கள் மரத்தில் கட்டினார்கள். இந்த லாரியின் கதவும் தேக்குதான். எனவே முகத்தை மட்டுமே நம்ப வேண்டும். முகப்பில் ஐந்து குறுக்குக் கம்பிகள். 1947இல் வந்து 1953 வரை நீடித்த வடிவம் அது. 1954இல் செவர்லே முகத்தை மாற்றிவிட்டது. பதிவுப் புத்தகம் பொய் சொல்லவில்லை.

அடுத்தது பளபளப்பு. பம்பர் முழுவதும் குரோமியமாக இருந்திருக்கும், கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியவில்லை என்பது அவர் ஊகம். பம்பரைக் கழற்றி, முலாம் பட்டறைக்குச் சுமந்து போனார். அங்கே நாற்பது வருஷமாகத் தொட்டிகளுக்கு நடுவே வாழும் முதியவர் ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பி, போல்ட் துளைகளின் விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

"பாவு, இது முலாம் பார்த்த இரும்பே இல்லை" என்றார்.

"அப்படியா சாச்சா? எப்படிச் சொல்கிறீர்கள்?"

"குரோமியம் என்று நாம் சொல்வது மேலே இருக்கும் மெல்லிய தோல். ஒரு மைக்ரான்கூட இருக்காது. அதற்குக் கீழே இருக்கிற நிக்கல்தான் உடம்பு. நல்ல வேலை என்றால் அதற்கும் கீழே செம்பு. மேல்தோல் போனாலும் மூலை முடுக்கில் நிக்கல் ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் பொட்டுகூட இல்லையே."

வீட்டுக்கு வந்து உப்புத்தாளால் ஓர் உள்ளங்கை அளவுக்குத் தேய்த்துப் பார்த்தார். மேலே மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே ஒரு நீலம், பிறகு பிரைமர், பிறகு வெறும் இரும்பு. சாச்சா சொன்னது சரி. காரணம் பிறகுதான் புரிந்தது. 1950இல் தொடங்கி 1953 வரை நடந்த கொரியப் போரின்போது நிக்கல், செம்பு, குரோமியம் எல்லாவற்றையும் அமெரிக்க அரசு ராணுவத் தேவைக்காகக் கட்டுப்படுத்தியது. கார்களுக்கே மெல்லிய முலாம்தான் கிடைத்தது. லாரிகளில் பளபளப்பு அநேகமாக இல்லாமலே போயிற்று. பெயின்ட் அடித்த பம்பர்தான் அந்த வருஷத்து லாரிக்கு அசல். அவர் கையில் இருந்தது குறைபட்ட பம்பர் அல்ல, தன் காலத்தை அப்படியே வைத்திருந்த பம்பர்.

அப்படியானால் கொம்பு எப்படி வந்தது? பம்பர் பெயின்டில், கொம்பு முலாமில். ஒரே தொழிற்சாலை இரண்டையும் செய்திருக்க வாய்ப்பில்லை.

வலது கொம்பைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறிய பிறகே போல்ட் அசைந்தது. காந்தத்தை வைத்தார், ஒட்டியது. எனவே துத்தநாக வார்ப்போ அலுமினியமோ அல்ல, அழுத்தி வளைத்த இரும்புத் தகடு. வார்ப்பாக இருந்திருந்தால் எடை கூடியிருக்கும், மேலே கொப்புளம் கிளம்பியிருக்கும். கம்பெனி முத்திரையோ எண்ணோ எதுவும் இல்லை.

துப்பு கொடுத்தது கொம்பல்ல, போல்ட். மரை எண்ணும் கேஜை வைத்துப் பார்த்தார். எட்டில் மூன்று அங்குல போல்ட், அங்குலத்துக்கு 16 மரை. அமெரிக்க மரைக்கும் அந்த அளவில் 16, பிரிட்டிஷ் விட்வொர்த் மரைக்கும் 16. எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோணத்தில்தான் வித்தியாசம். அமெரிக்க மரை 60 டிகிரி, விட்வொர்த் 55. கேஜின் அமெரிக்கப் பல்லை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒரு கீற்று தெரிந்தது. விட்வொர்த் பல்லை வைத்தபோது கீற்று மறைந்தது. நம் ஊர் இரும்புக் கடைகளில் மெட்ரிக் அளவு வேரூன்றும் வரை விற்றது இந்த மரைதான். அமெரிக்கத் தொழிற்சாலை மாட்டிய போல்ட் அல்ல இது. நாக்பூர்க் கடையில் வாங்கி, யாரோ கையால் மாட்டியது.

கொம்பின் வடிவத்தை அட்டையில் வெட்டிக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைகளை ஏறி இறங்கினார். மும்பைக்குப் போன ஒரு சந்தர்ப்பத்தில் குர்லாவின் சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் ஒரு பகல் முழுவதும் அலைந்தார். அமெரிக்கக் காரின் கொம்புகள் இரண்டு கிடைத்தன. இரண்டும் அட்டையைவிடப் பருமன். விடை உள்ளூரிலேயே இருந்தது. ஒரு காயலான் கடையின் மூலையில், சக்கரமில்லாத பழைய அம்பாசடர் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் பம்பர் கொம்பின் மேல் அட்டையை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

பிரிட்டிஷ்காரர்கள் அதை ஓவர்ரைடர் என்பார்கள், அமெரிக்கர்கள் பம்பர் கார்டு என்பார்கள். ஒரு காரின் பம்பர் இன்னொன்றின் மேல் ஏறியோ அடியில் நுழைந்தோ சிக்கிக்கொள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. லாரிக்கு அது தேவையே இல்லை. அம்பாசடரின் பம்பர் எங்கே, லாரியின் பம்பர் எங்கே? தேவையில்லாத ஒன்றை, பொருந்தாத இடத்தில், மெனக்கெட்டு மாட்டியிருக்கிறார் பாபா.

ஏன் என்பதற்கும் பதில் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் தொழிற்சாலை திறந்து, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி வண்டிகளாக விற்றது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று 1953இல் டாரிஃப் கமிஷன் சிபாரிசு செய்ய, 1954இல் கம்பெனி கடையைக் கட்டியது. அதே 1954இல்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடஸ் லாரிகள் உற்பத்தியாகத் தொடங்கின. பாபா இந்த லாரியை இன்னொருவரிடமிருந்து வாங்கியது 1956இல். கம்பெனி போன பிறகு கம்பெனி லாரியை வாங்கியவர் அவர். காடோல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாக்பூர்ச் சந்தைக்கு ஆரஞ்சு ஏற்றிப் பிழைத்த அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுவதும் உதிரிபாகம் என்பது கிடைப்பதை வைத்துச் செய்துகொள்வதுதான். புதிய டாடா லாரிகளுக்கு நடுவே தன் பழைய லாரியும் சந்தையில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று, எங்கோ நொறுங்கிய அம்பாசடரின் கொம்புகளை வாங்கி மாட்டியிருக்கிறார்.

இங்கே இளையவருக்கு ஒரு தடுமாற்றம் வந்தது. அசல் வேண்டும் என்றால் கொம்பே கூடாது. வலது கொம்பையும் எடுத்துவிட்டு, துளைகளை அடைத்து, நீலப் பெயின்ட் அடித்துவிட்டால் 1952இல் தொழிற்சாலையை விட்டு வந்தது போல் நிற்கும். பழைய வண்டிப் போட்டிகளில் அப்படித்தான் மார்க் போடுவார்கள். ஆனால் இந்த லாரிக்கு மார்க் போட யாரும் வரப்போவதில்லை. விதியே அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆயி கட்டியது கம்பெனி லாரிக்கு மாலை அல்ல. பாபாவின் லாரிக்கு. இரண்டு நாள் யோசித்துவிட்டு, காயலான் கடைக்குப் போய் அந்த அம்பாசடரின் கொம்பு ஒன்றை வாங்கி வந்தார்.

பொருத்துவதுதான் மீதி. ஓவர்ரைடரின் முதுகு, கார் பம்பரின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும். லாரியின் பம்பரில் வைத்தால் ஆடும். வலது கொம்புக்குப் பின்னால் பாபா என்ன செய்திருந்தார் என்று பார்த்தார். தேக்குக் கட்டை ஒன்றை இழைத்து, ஒரு பக்கம் கொம்பின் முதுகுக்கும் மறுபக்கம் பம்பரின் வளைவுக்கும் பொருந்துமாறு செதுக்கி, இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டியிருந்தார். அறுபது வருஷத்து மழையில் ரப்பர் கருகிப்போயிருந்தது. கட்டை கெட்டுப்போகவில்லை.

அதை அச்சாக வைத்து, அதே தடிமனில், அதே சரிவில் இன்னொரு கட்டை செதுக்கினார். மாட்டிப் பார்த்தால், ஒரு கொம்பைச் சாய்த்துக்கொண்ட மாடு போலக் கொம்பு வெளிப்பக்கம் பார்த்தது. நாற்பது வருஷ ஃபிட்டர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். பம்பர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பின்னோக்கி வளைகிறது. வலதுக்குச் செதுக்கிய சரிவு இடதுக்கு ஆகாது. கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். இரண்டாவது கட்டையை முதலில் அட்டையில் வெட்டி, பம்பரில் வைத்துச் சரிபார்த்து, பிறகு தேக்கில் இறங்கினார். அது உட்கார்ந்தது.

துளையிலும் ஒரு சிக்கல். பாபா போட்ட துளை பதினாறில் ஏழு அங்குலம், அதாவது 11 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இன்று கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் அதில் லொடலொடத்தது. துளையைப் பெரிதாக்கி 12 போடலாம் என்றார் லேத்துக்காரர். பாபாவின் துளையில் ட்ரில் வைக்க இவருக்கு மனமில்லை. மெல்லிய பித்தளைக் குழாயில் ஒரு வளையம் கடைந்து துளைக்குள் செருகி, போல்ட்டை அதன் வழியே விட்டார். ஆட்டம் நின்றது.

தசராவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அண்ணனை அழைத்துக் காட்டினார்.

"தாதா, பாருங்கள். ஆயி கையால் தடவிப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது."

அண்ணன் குனிந்து பார்த்தார். கட்டையை விரலால் தொட்டார். எதுவும் சொல்லாமல் உள்ளே போனார். பரணில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. சாக்குத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தார். பிரித்தால், ஒரு பக்கம் நசுங்கிய கொம்பு. இடது கொம்பு.

1971இல் அண்ணனுக்கு 19 வயது. பாபா தூங்கும் நேரத்தில் சாவியை எடுத்து லாரியைத் தெருமுனை வரை ஓட்டினார். திருப்பும்போது கிணற்றடிச் சுவரில் இடித்தார். கொம்பு நசுங்கிக் கழன்றது, கட்டை தூள் தூளாயிற்று. அடி விழும் என்று எதிர்பார்த்தார். பாபா சுவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், "உனக்கு அடி படவில்லையே?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறு கொம்பும் தேடவில்லை. ஒவ்வொரு தசராவுக்கும் மாலை கோணலாகத் தொங்கியது. "அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்" என்றார் அண்ணன். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அவர் கொல்லைப் பக்கம் அதிகம் போனதில்லை. லாரி எடைக்குப் போக வேண்டும் என்று அவர் அடுக்கிய காரணங்களில் பாம்பும் மழைநீரும் இருந்தன. இது இல்லை.

தம்பி கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகடுதான், கிழியவில்லை. உள்ளே தாங்குகட்டை வைத்து மெல்லத் தட்டினால் நிமிரும். சாச்சாவிடம் கொடுத்து நிக்கலும் குரோமியமும் ஏற்றினால் புதிதாகிவிடும். "வேண்டாம்" என்றார் அண்ணன். "மாட்டும் அளவுக்கு நிமிர்த்து. நசுங்கினது நசுங்கினதாகவே இருக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். நான்கே அடியில் முதுகு மட்டும் நிமிர்ந்தது. தம்பி செதுக்கிய கட்டையில் அது உட்கார்ந்தது, பித்தளை வளையத்தின் வழியே போல்ட் ஏறியது. போல்ட்டை அண்ணன் முறுக்கினார். அம்பாசடரின் கொம்பு லாரியின் கருவிப் பெட்டிக்குள் போயிற்று, உதிரிபாகமாக.

தசரா காலையில் பேரப்பிள்ளைகள் லாரியைக் கழுவினார்கள். பம்பருக்கு நீலப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தார்கள். கொம்புகளுக்குத் தேய்ப்பு மட்டும். ஆயியைக் கைபிடித்து அழைத்து வந்தார்கள். அவர் மாலையின் ஒரு நுனியை வலது கொம்பில் கட்டினார். பழக்கத்தில் கை ஹெட்லைட் தண்டைத் தேடிப் போயிற்று. வழியில் இடது கொம்பில் முட்டி நின்றது. மேலிருந்து கீழே தடவினார். நசுங்கிய இடத்தில் விரல் சற்று நின்றது.

"இது அதுதானே?" என்றார்.

"அதுதான் ஆயி" என்றார் மூத்தவர்.

ஆயி வேறெதுவும் கேட்கவில்லை. முடிச்சுப் போட்டுவிட்டு, மாலையின் நடுப்பகுதியைக் கையால் ஏந்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. வழக்கப்படி ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லி இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். லாரியின் பம்பர் மேலும் ஒன்றை வைத்தார்.

கொல்லைச் சுவர் இன்னும் எடுத்துக் கட்டப்படவில்லை. லாரி நிற்கிற இடத்தை விட்டுவிட்டு வளைத்துக் கட்டலாம் என்று மூத்தவர் இப்போது கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.